பேரனுக்குச் சொல்ல வேண்டிய திருத்தம்

அன்புள்ள பாப்பா,

இத்தாலியின் கிரான் சாஸோ மலையில் கேபிள் காரில் போய் எடுத்த போட்டோ வந்து சேர்ந்தது. ‘அப்பா, உங்க ஹீரோ இறங்கின ஹோட்டல்’ என்று கீழே எழுதியிருந்தாயே, அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, கொஞ்ச நேரத்தில் சங்கடமாகவும் ஆகிவிட்டது. கரன்ட் போன ராத்திரிகளில் உனக்கு நான் சொன்ன கதை அது. ஆறடிக்கு மேல் உயரம், கன்னத்தில் வாள் தழும்பு, பெயர் ஒட்டோ ஸ்கோர்சனி, ஹிட்லரின் எஸ்.எஸ். படை அதிகாரி, மலை உச்சியில் பறந்து வந்து இத்தாலிய சர்வாதிகாரி முசோலினியைத் தூக்கிக்கொண்டு போன சூரன். இப்போது உன் பையன் அது நிஜமா என்று கேட்கிறானாம். பாதிதான் நிஜம். பேரனிடமும் அதே கதையை அளக்க எனக்கு மனசு வரவில்லை.

1943 செப்டம்பர் 12. அந்த ஹோட்டல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பதவியிலிருந்து இறக்கிய முசோலினியை இத்தாலியர்களே அங்கே காவலில் வைத்திருந்தார்கள். மீட்கும் திட்டம் ஜெர்மன் ஜெனரல் ஸ்டூடென்ட்டின் பாராசூட் படையுடையது. களத்தில் பொறுப்பு மேஜர் ஹரால்ட் மோர்ஸிடம் இருந்தது. அவர் கீழே கேபிள் கார் நிலையத்தைப் பிடிக்கத் தரை வழியாக வந்தார். எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களில் மேலே வந்தவர்களிலும் பெரும்பாலானவர்கள் பாராசூட் வீரர்கள்தான், ஸ்கோர்சனியின் எஸ்.எஸ். ஆட்கள் ஒரு சின்னக் கூட்டம். முன்னால் போன கிளைடர்கள் சுற்றிக்கொண்டு வந்ததால் அவருடையது முதலில் இறங்கியது, அவரும் நேரே உள்ளே ஓடினார். சுட வேண்டாம் என்று காவலர்களிடம் சொல்ல ஓர் இத்தாலிய ஜெனரலையும் கூட்டி வந்திருந்தார்கள். ஹோட்டலில் சண்டையே நடக்கவில்லை. கீழே பள்ளத்தாக்குப் பக்கம் இரண்டு இத்தாலியர்கள் செத்தார்கள், அவர்களை நான் உனக்குச் சொன்னதே இல்லை.

அப்புறம் நடந்ததுதான் விஷயமே. முசோலினியை ஏற்றிப்போக ஒரு குட்டி விமானம் வந்தது. விமானி கெர்லாக். அந்த மலைச் சரிவில் இருந்து ஒருவரை ஏற்றிக்கொண்டு கிளம்புவதே பெரும்பாடு, இதில் நானும் வருவேன் என்று இந்த ஆஜானுபாகு பின்னால் நுழைந்து உட்கார்ந்துகொண்டார். விமானம் மேட்டு விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் விழுவதுபோல் இறங்கி, எப்படியோ நிமிர்ந்தது. உயிரைக் காப்பாற்றியது கெர்லாக்கின் கை. ஆனால் முசோலினிக்குப் பக்கத்தில் நின்றவர் ஸ்கோர்சனி, ஆகவே பதக்கமும் பதவி உயர்வும் பேப்பரில் படமும் அவருக்கு! மோர்ஸ் பெயரை யார் கேட்டார்கள்?

உன் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார். மூன்று நாள் சமையல்கட்டிலேயே கிடந்து பந்தியைப் பார்த்துக்கொண்ட உன் சித்தப்பா ஒரு படத்தில்கூட இல்லை. யாரென்றே தெரியாத ஒரு சஃபாரி சூட்காரர் எல்லாப் படத்திலும் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

அதற்காக ஆள் வெறும் டம்மி என்று சொல்லிவிட முடியாது. முசோலினியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தேடியதில் அவருக்கு நிஜமான பங்கு உண்டு, தேடும்போது அவர் போன விமானம் கடலில் விழுந்தும் தப்பினார். துணிச்சலும் அதிர்ஷ்டமும் இருந்தது. படை நடத்தும் திறமை வேறு சங்கதி. 1944 டிசம்பரில் அமெரிக்க உடுப்பில் ஆட்களை பெல்ஜியத்தின் ஆர்டென் காட்டுக்குள் அனுப்பினாரே, தேறியவர்களில் அமெரிக்கர்கள் மாதிரியே ஆங்கிலம் பேசக்கூடியவர்கள் சுமார் 10 பேர்தான். மால்மெடியில் அவர் படை நேராக மோதித் தோற்றது. ஆனால் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவரைக் கொல்ல வருகிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்ப, அவரை வெர்சாயில் பூட்டாத குறையாகக் காவலில் வைத்துவிட்டார்கள். சாலைக் காவலுக்கு நின்ற ஓர் அமெரிக்கச் சிப்பாய் தங்கள் ஜெனரல் பிராட்லியையே மடக்கி, இல்லினாய்ஸ் தலைநகர் எது என்று கேட்டானாம். அவர் ஸ்பிரிங்ஃபீல்ட் என்று சரியாகச் சொல்ல, இல்லை சிகாகோ என்று அவன் சாதித்தானாம். படை சாதிக்காததைப் பேர் சாதித்தது.

அவர் நினைத்தபடியே முடித்துக்காட்டிய வேலை என்று நான் சொல்வது புடாபெஸ்ட்தான், அதை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 1944 அக்டோபரில் ஜெர்மனியோடு கூட்டுச் சேர்ந்திருந்த ஹங்கேரியின் ஆட்சியாளர் ஹோர்த்தி போரிலிருந்து விலகப் பார்த்தார். ஸ்கோர்சனி அவர் மகனைப் பிடித்துக் கம்பளத்தில் சுருட்டிக் கடத்தினார், மறுநாள் காலையில் டாங்கிகளோடு கோட்டையைப் பிடித்தார். அதிக உயிர்ச்சேதம் இல்லாத ஆபரேஷன் என்று நானே ஒரு காலத்தில் பாராட்டிப் பேசியிருக்கிறேன். அந்த ஆபரேஷனால் அதிகாரத்துக்கு வந்த, நாஜிகளின் கூட்டாளியான அம்புச் சிலுவைக் கட்சி யூதர்களை டான்யூப் கரையில் நிறுத்திச் சுட்டது. அந்தக் கரையில் இரும்புச் செருப்புகள் வரிசையாக வைத்திருப்பதை நீயே பார்த்துவிட்டு வந்து சொன்னாய். நான்தான் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்காமலே இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன்.

போருக்குப் பிறகு அமெரிக்கர்கள் டாஹாவில் நடத்திய போர்க்குற்ற விசாரணையில் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது, ஆனாலும் அவரை வைத்திருந்த தடுப்பு முகாமிலிருந்து 1948-ல் தப்பினார், ஸ்பெயினில் சௌகரியமாக இருந்து 1975-ல் இறந்தார். நடுவில் புத்தகம் வேறு எழுதினார், தன்னைப் பற்றித்தான். நான் சின்ன வயதில் பத்திரிகையில் படித்து வாய் பிளந்ததெல்லாம் அந்தச் சரக்குதான் என்று இப்போது புரிகிறது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

சரி, பையனுக்கு விமானி கெர்லாக் கதையைச் சொல், அதிலும் த்ரில்லுக்குக் குறைவில்லை. மறுபடி அங்கே போனால் ஹோட்டலை விட்டுவிட்டு அந்தச் சரிவை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. எவ்வளவு தூரம் ஓடி அந்த விமானம் எழும்பியிருக்கும் என்று பார்க்கணும். குளிருக்கு மஃப்ளர் கட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா