நான்கு வழிச்சாலையை நடந்து கடக்க வழி கேட்டு நான்காவது மனு

அனுப்புநர்
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர் மற்றும் கீழ்க்காலனி பொதுமக்கள்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: புளியமரத்து நிறுத்தத்தில் தேசிய நெடுஞ்சாலையை நடந்து கடக்க நடைமேம்பாலமோ சுரங்கப்பாதையோ அமைத்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் 08.08.2022, 13.02.2023, 15.07.2024 ஆகிய தேதிகளில் கொடுத்த மனுக்கள், 02.10.2024 கிராம சபைத் தீர்மானம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புளியமரத்து நிறுத்தம் தங்களுக்குத் தெரிந்த இடம்தான். பொங்கலுக்கு முன்பு கல்லூரி விழாவுக்கு வந்தபோது தங்கள் கார் அதைத் தாண்டித்தான் போனது. மரம் ரோடு போடும்போதே போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. ரோட்டுக்கு மேற்கே ஊர், கிழக்கே எங்கள் காலனி. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், டவுன் பஸ் எல்லாம் மேற்கே. எங்கள் பக்கம் இருப்பது வீடும் சுடுகாடும். கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டு வருகிறோம்.

1. எட்டு வருஷத்தில் இந்த இடத்திலும் இதை ஒட்டியும் 11 பேர் இறந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு எழுதிப் பழகிய கை, இதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எட்டுப் பேர் நடந்து வந்தவர்கள், இரண்டு பேர் சைக்கிள், ஒருவர் பழைய டிவிஎஸ் 50. காரில் வந்தவர் ஒருவர்கூட இல்லை.

2. முதல் மனுவுக்கு, சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது என்று ஒரு வரி பதில் வந்தது. இரண்டாவது மனுவுக்குப் பிறகு உண்மையிலேயே ஆட்கள் வந்தார்கள். சந்தோஷப்பட்டோம், டீ வாங்கிக் கொடுத்தோம். அவர்கள் ரோட்டின் நடுத்திட்டான மீடியன் மேல் இடுப்பளவு கம்பி வேலி போட்டுவிட்டுப் போனார்கள். பாலம் கேட்டவர்களுக்கு வேலி. மூன்றாவது மனுவுக்கு, மீடியனைத் தாண்டுவது குற்றம் என்று பொதுமக்களுக்கு அறிவுறுத்தப்பட்டதாகப் பதில். எங்களுக்கு யாரும் எதையும் அறிவுறுத்தவில்லை, அது வேறு விஷயம்.

3. ஐயா, தாங்கள் ஒரே ஒரு நாள் காலை ஐந்தே காலுக்கு அங்கே வந்து நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் காலனிப் பெண்கள் அறுபது எழுபது பேர் ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள். கம்பெனி வேன் மேற்குப் பக்கம்தான் நிற்கும். வடக்கே கல்லூரி வாசலில் யூ-டர்ன் இருக்கிறது, ஹைமாஸ் விளக்கு இருக்கிறது, செக்யூரிட்டி விசில் ஊதி வண்டியை நிறுத்துகிறார். அது 900 மீட்டர் தூரம், போய்த் திரும்பி வர 1.8 கிலோமீட்டர். தெற்கே சுரங்கப்பாதை என்று அதிகாரிகள் காட்டுவது 1.6 கிலோமீட்டர் தள்ளி. அது வாய்க்காலுக்குக் கட்டியது. ஐப்பசியில் நிற்கிற தண்ணீர் தை வரை வடியாது, பாம்பு கிடக்கும். காரில் போகிறவருக்கு யூ-டர்ன் அடித்து வர இரண்டு நிமிஷம். காலால் போகிறவளுக்கு அரை மணி நேரம். வேன் ஐந்து நிமிஷம்கூட நிற்காது. விட்டால் அன்றைய சம்பளம் போச்சு.

அதனால் இருட்டில் வேலியில் ஏறுகிறார்கள். புடவையைத் தூக்கிச் செருகி, டிபன் பையை முதலில் அந்தப் பக்கம் போட்டு, அப்புறம் ஒரு காலைத் தூக்கி வைக்கிறார்கள். ரேஷன் நாளில் அரிசிப் பையை மீடியன் மேல் வைத்துவிட்டு, வளைத்து வைத்திருக்கிற கம்பிச் சந்தில் உடம்பை நுழைக்கிறோம். யார் வளைத்தது என்று கேட்க வேண்டாம், எல்லோரும்தான். நூறு கிலோமீட்டர் வேகம் அனுமதித்த ரோடு. தூரத்தில் விளக்கு தெரிகிறதே, கடந்துவிடலாம் என்று கால் வைத்தால், நடுவில் போவதற்குள் வண்டி வந்துவிடுகிறது. அந்த வேகத்தைக் கணக்குப் போட அறுபது வயதுக் கண்ணால் முடியாது. ஆறு வயதுக் குழந்தையாலும் முடியாது. நான் வேலையில் இருந்த 31 வருஷத்தில் பிள்ளைகளை வரிசையாகக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். இப்போது யார் பிடிக்கிறார்கள் என்று பார்க்கவே மனசு வரவில்லை.

என் அக்கா மகன் வயது 34. கொத்தனாருக்குக் கையாள். 2023 மார்கழியில் மனைவியை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, அந்த வேலியில் ஒரு காலை வைத்து ஏறிக்கொண்டிருந்தவனை லாரி அடித்தது. வேலி இல்லாமல் இருந்திருந்தால் அவன் அந்நேரம் இந்தப் பக்கம் வந்திருப்பான். 108 வேகமாகத்தான் வந்தது. 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரம் காசு கேட்காமல் பார்த்தார்கள். அதற்கு நன்றி சொல்லாமல் இருக்க மாட்டேன். மூன்றாம் நாள் போய்விட்டான். எஃப்.ஐ.ஆரில், கவனக்குறைவாகச் சாலையைக் கடந்தார் என்று எழுதியிருக்கிறது. வழி கேட்டு இரண்டு மனு கொடுத்த காலனிக்காரன் கவனக்குறைவானவன். ஐயா, இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, தவறாக ஏதும் எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

4. இந்த இடம் 'பிளாக் ஸ்பாட்' என்கிற, விபத்து அதிகம் நடக்கும் இடங்களின் பட்டியலில் இல்லை, அதனால் நிதி இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். விதியை என் பேத்தி படித்துச் சொன்னாள். 500 மீட்டர் தூரத்துக்குள் மூன்று வருஷத்தில் சாவோ படுகாயமோ உள்ள 5 விபத்து, அல்லது 10 சாவு இருக்க வேண்டுமாம். எங்கள் ஆட்கள் வேலி எங்கே வளைந்திருக்கிறதோ அங்கே கடப்பதால், ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவிச் செத்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் வந்து சாக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. படுகாயம் என்ற கணக்கு இன்னும் மோசம். கால் உடைந்தால் கார்க்காரர் ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து அங்கேயே பேசி முடித்துவிடுகிறார். கேஸ் என்று போனால் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நடக்க வேண்டும், நடக்கிற ஒவ்வொரு நாளும் கூலி நஷ்டம். அதனால் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ஏழை உடைத்துக்கொள்கிற கால் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பதிவேட்டில் இல்லாததால் பாலம் இல்லை. பாலம் இல்லாததால் அடுத்த கால். இந்த வட்டத்தைத் தாங்கள்தான் உடைக்க முடியும்.

5. பேத்தி இன்னும் சில கணக்கு எடுத்துக் கொடுத்தாள். 2022-இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர் 1,68,491 பேர், அதில் நடந்து போனவர்கள் 32,825. தமிழ்நாட்டில் அந்த வருஷம் இறந்தவர்கள் 17,884. உலகத்தில் சாலையில் சாகிற நூறு பேரில் 92 பேர் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில்தான் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகத்து வண்டிகளில் நூற்றுக்கு அறுபதுதான் அந்த நாடுகளில் ஓடுகிறதாம். பணக்கார நாட்டிலேயே ஏழைகளுக்குத்தான் விபத்து அதிகமாம். எனக்கு இதைப் படித்துத் தெரிய வேண்டியதில்லை, நோட்டு இருக்கிறது. பெரிய அதிகாரிகள் நோட்டை நம்ப மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

6. செத்த பிறகும் இதே கதை. நஷ்ட ஈடு என்பது இறந்தவரின் வருஷ வருமானத்தை வயதுக்கு உரிய எண்ணால் பெருக்குவது. 34 வயதுக்கு 16. சம்பளச் சீட்டு இருப்பவருக்குச் சீட்டு பேசும். என் அக்கா மகன் நாளுக்கு 750 ரூபாய் வாங்கினான் என்பதற்கு என்ன சீட்டு? கொத்தனார் வந்து சாட்சி சொன்னார், எதிர்த்தரப்பு வக்கீல் மழை நாளில் வேலை உண்டா என்று கேட்டார். அதோடு, கடந்தது அவன் தப்பும்தான் என்று ஒரு பங்கு கழிக்கச் சொல்கிறார்கள். வழக்கு நடக்கிறது, அதைப் பற்றித் தங்களிடம் கேட்கவில்லை.

கேட்பது இதே ரோட்டில் இறந்த, பூ விற்கும் அம்மாவைப் பற்றி. அவரை அடித்த வண்டி எதுவென்றே தெரியவில்லை. அடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியால் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் என்று 01.04.2022 முதல் திட்டம் இருக்கிறது. முன்பு 25 ஆயிரம்தான். அதற்கு ஒப்புதல் தரும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரான தங்களுக்கே உள்ளது. மனு தாலுகா ஆபீசில் பதினான்கு மாதமாக இருக்கிறது. அவர் மகன் போய்க் கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்கள். எந்த வருஷத்து அடுத்த வாரம்?

7. கோவை எலும்பு முறிவு மருத்துவர் ராஜசேகரன் 2012-இல் போட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் நடைபாதை என்பது உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று சொல்லியிருக்கிறது. எங்களுக்கு நடைபாதைகூட வேண்டாம், குறுக்கே போக ஒரு வழி போதும்.

8. ஆகவே, நடைமேம்பாலமோ சுரங்கப்பாதையோ கட்ட ஆணையிட வேண்டுகிறோம். பாலம் என்றால் சாய்தளம் வேண்டும். எழுபது படி ஏறச் சொன்னால் அரிசிப் பையோடு மறுபடியும் வேலியில்தான் ஏறுவோம், பிறகு பாலம் கட்டியும் ஜனங்கள் பயன்படுத்தவில்லை என்று எங்களைத்தான் சொல்வீர்கள். அது கட்டும் வரை ஒரே ஒரு இடத்தில் வேலியை எடுத்துவிட்டு, சிக்னல், வேகத்தடைக் கோடுகள், ஒரு விளக்கு. காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை ஒரு காவலர். கல்லூரி வாசலுக்குக் கிடைத்தது இதுதானே ஐயா? அங்கே முடிந்தது 900 மீட்டர் தள்ளி ஏன் முடியாது? அங்கே வருகிறவர்கள் காரில் வருகிறார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. இருந்தால் எழுத்தில் தாருங்கள்.

கோபமாக எழுதிவிட்டேன். தங்கள் மேல் கோபமில்லை. தாங்கள் நேரில் வந்தால் நானே கூட நின்று காட்டுகிறேன். ஒரு வழி, நடந்து கடக்க ஒரு வழி, அவ்வளவுதான் கேட்கிறோம். மார்கழிப் பனிக்கு முன்பு விளக்காவது போட்டுத் தருமாறு தங்களை மிகவும் பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழ்க்காலனி பொதுமக்கள் சார்பில்,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்.

நாள்: 25.08.2025

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல், நோட்டின் நகல், 4 பக்கம், 214 பேர் கையொப்பம், அதில் கைநாட்டு 61. முதல் மனுவில் 219 பேர் இருந்தார்கள். இரண்டு பேர் வயதாகி இறந்தார்கள், ஒருவர் திருப்பூருக்குப் போய்விட்டார், இரண்டு பேர் நோட்டில் இருக்கிறார்கள்.