என் மகளைத் தூக்கக் கற்றுக்கொண்ட எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

மகளுக்கு இரண்டாவது தொடை எலும்பிலும் கம்பி வைத்தாகிவிட்டது. வீட்டுக்கு வந்துவிட்டோம், நன்றாகச் சாப்பிடுகிறாள். ஒவ்வொருவருக்கும் ஃபோன் செய்து சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அவளுக்கு இருப்பது ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா, சுருக்கமாக ஓ.ஐ. சின்ன அசைவுக்கே எலும்பு முறியும். பால் குறைவாகக் கொடுத்ததால் வருவதில்லை இது. எலும்பில் கால்சியம் படிவதற்கு உள்ளே ஒரு புரதச் சட்டகம் வேண்டும், அதுதான் கொலாஜன். அந்தச் சட்டகமே பிறவியிலிருந்து சரியாக அமையவில்லை. அதனால்தான் ஆட்டுக்கால் சூப் வைத்து அனுப்பிய அத்தனை பேருக்கும், உங்கள் பாசத்துக்கு நன்றி, ஆனால் அதில் உள்ள கொலாஜன் வயிற்றில் செரித்துப் போய்விடும், எலும்புக்குள் போய் உட்காராது.

முதல் நன்றி மரபணு மருத்துவருக்கு. கைக்குழந்தையாக இருந்தபோது துணி மாற்றும் நேரத்தில் கால் முறிந்தது. எங்கே போட்டாய், எப்படிப் பிடித்தாய் என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை, ஒரு மருத்துவமனையில் வீட்டில் யாராவது அடித்தீர்களா என்றே கேட்டார்கள். இந்த மருத்துவர்தான் குழந்தையின் வெள்ளை விழி லேசாக நீலமாக இருப்பதைப் பார்த்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் என்னை மட்டும் கூப்பிடாமல் என் மாமியாரையும் உட்காரவைத்து, ஒரு தாளில் மூன்று கால் ஜடை போலப் பின்னிய கொலாஜனை வரைந்தார். ஒவ்வொரு இழையிலும் மூன்றாவது இடம்தோறும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் துண்டு) இருக்க வேண்டும், பின்னலின் நடுவில் அதற்கு மட்டும்தான் இடம் உண்டு. அங்கே பெரிதாக ஒன்று வந்துவிட்டால் பின்னல் கோணிவிடும். அப்படி வரவைக்கும் மரபணு மாற்றம் எங்கள் இருவர் ரத்தத்திலும் இல்லை, குழந்தையிடம் புதிதாக ஏற்பட்டது, யார் செய்த எதனாலும் வந்ததல்ல என்று நிதானமாகச் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அத்தையே உறவுக்காரர்கள் எல்லோருக்கும் ஃபோன் போட்டு, "இனிமே யாரும் அவளை ஒண்ணும் கேக்கக் கூடாது" என்றார். அந்தப் படம் வரைந்ததற்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது டாக்டர்.

இன்னொரு விஷயமும் அவர் சொல்லித்தான் தெரியும். கொலாஜன் இப்படி மூன்று இழையாக முறுக்கியிருக்கிறது என்று 1954இல் எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து இயற்பியல் துறையில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆய்வுக்கான கொலாஜன் கிடைத்தது அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து, அதுவும் கங்காருவின் வால் தசைநாராம்! அவர்கள் இப்போது இல்லை, ஆனாலும் இந்த மடலில் அவர்கள் பெயர் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

வார்டு சிஸ்டர்களுக்கு நன்றி. பாமிட்ரோனேட் என்ற எலும்பு மருந்தை ஏற்றிய முதல் தடவை காய்ச்சல் அடித்தபோது, பயப்படாதீங்க, முதல் முறை இப்படித்தான் வரும் என்று ராத்திரி முழுக்க வந்து வந்து பார்த்தீர்கள். அந்த மருந்து கொலாஜனைச் சரிசெய்யாது, எலும்பைக் கரைக்கும் செல்களை மட்டுப்படுத்தும், அவ்வளவுதான், ஆனால் அதற்குப் பிறகு முறிவுகள் குறைந்தன. பி.பி. பார்க்கும் பட்டை இறுகினால்கூடக் கை முறியலாம் என்று தெரிந்து, புதிதாக வந்த பயிற்சி மாணவிகளை நீங்களே தடுத்து நிறுத்தியதைப் பார்த்தேன்.

அப்புறம் மாவுக்கட்டு போடும் அண்ணன், எடை குறைவான கட்டாகப் போட்டு, தேவைக்கு மேல் ஒரு நாளும் வைக்காமல் பிரித்துவிடுவார், மாவுக்கட்டுக்குள்ளேயே கிடந்தால் எலும்பு இன்னும் மெலியும் என்பதால். தண்ணீரில் நிற்கவைத்து நடை பழக்கிய பிசியோ அக்கா. வேகத்தடை வரும் முன்பே "பாப்பா பிடிச்சுக்கோ" என்று குரல் கொடுக்கும் ஆட்டோ அண்ணன். எலும்பு வளர வளரத் தானும் நீளும் கம்பிக்குப் பணம் போதாதபோது அனுப்பியவர்கள், பெயர் சொல்லக் கூடாது என்றவர்கள், ரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகள்.

பக்கத்து வீட்டுக்காரர்களே, அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல், ஒரு கை இடுப்புக்குக் கீழேயும் ஒரு கை முதுகிலும் வைத்துத் தூக்க நீங்கள் எல்லோரும் பழகிக்கொண்டதால்தான் நான் நிம்மதியாகக் கடைக்குப் போய் வர முடிகிறது.

தலைமை ஆசிரியை அம்மா, நாங்கள் கேட்கும் முன்பே மூன்றாம் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றிவிட்டீர்கள். கட்டு பிரித்த அடுத்த வாரம் வகுப்புக்கு வருகிறாள். பையை யார் தூக்குவது என்று அவளுடைய தோழிகளுக்குள் இப்போதே சண்டை நடக்கிறதாம், அவர்களுக்கும் என் நன்றி.