திம்பத்துக்கு ஒயர்லெஸ்: செட் வாங்கும் முன் பேண்டை முடிவு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சத்தியமங்கலத்துக்கு மேலே உள்ள திம்பம் மலைப்பாதையில் போகும் லோடு வண்டிகளுக்கெல்லாம் ஒயர்லெஸ் செட் பொருத்த வேண்டும் என்று சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல யோசனைதான். அடிவாரத்திலுள்ள பண்ணாரி தாண்டினால் 27 கொண்டை ஊசி வளைவுகள். பல இடங்களில் செல்போனுக்கு டவர் எடுப்பதில்லை. நடுவில் ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றுவிட்டால், மேலிருந்து இறங்குகிறவருக்கு அது தெரியும் முன்பே அவர் வளைவுக்குள் வந்து மாட்டிக்கொள்கிறார். பின்னால் வருகிறவர்களும் அப்படியே. இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்த பிறகு பகல் நெரிசல் இன்னும் கூடிவிட்டது.

ஆனால் அவர் கடிதத்தின் கடைசி வரி எனக்கு உறுத்தியது. ‘ஆளுக்கு ஒரு செட் வாங்கிக்கொண்டால் போதும், இப்போது எல்லா செட்டிலும் ஸ்கேன் இருக்கிறது, யார் பேசினாலும் கேட்கும்’ என்கிறார். ஸ்கேன் என்றால் செட் தானே சேனல் சேனலாக மாறி, யாராவது பேசுகிறார்களா என்று பார்ப்பது. சத்தியமங்கலத்தில் வண்டிகளுக்கு ஒயர்லெஸ் பொருத்திப் பிழைப்பவன் நான். அந்த வரிக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. யார் பேசினாலும் கேட்காதுங்க.

தாளவாடியிலிருந்து காய்கறி ஏற்றி இறக்கும் ஒருவர் தன் வண்டிகளுக்கு ஆன்லைனில் செட் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். “ஏனுங்க, இத்தனை சேனல்னு பெட்டியில போட்டிருக்குது. மச்சான் வண்டி எனக்கு முன்னாலயே போகுது, அவர் பேசறது ஒண்ணுகூட வரமாட்டேங்குதே?” என்றார். ஸ்கேன் விளக்கு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. செட்டைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினேன்: 400–470 மெகாஹெர்ட்ஸ். மச்சான் வண்டியில் இருந்தது 136–174. முதலாவது யு.எச்.எப்., இரண்டாவது வி.எச்.எப். இரண்டும் வெவ்வேறு பேண்ட், அதாவது வெவ்வேறு அலைவரிசை வரம்பு. மீடியம் வேவ் மட்டும் உள்ள பழைய ரேடியோவில் நாள் முழுக்க முள்ளைத் திருப்பினாலும் எப்.எம். வருமா? அதே கதைதான். சேனல் எண்ணிக்கை என்பது செட்டுக்குள் எத்தனை அலைவரிசையைப் பதிந்து வைக்கலாம் என்ற கணக்கு மட்டுமே. ஸ்கேன் அந்தப் பதிவுகளைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்க்கும். பதிவில் இல்லாததை அது தேடாது, பேண்டுக்கு வெளியே இருப்பதைப் பதியவும் முடியாது.

இதில் ஏரியல் வேறு இருக்கிறது. 150 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கால் அலை ஏரியல் (அலை நீளத்தில் கால் பங்கு) சுமார் அரை மீட்டர் உயரம் வரும். 450-க்கு 16 சென்டிமீட்டர் சொச்சம் போதும். மாற்றிப் போட்டுவிட்டு ‘ரேஞ்ச் இல்லை’ என்று வருகிறவர்கள் உண்டு. அப்படியே அழுத்திப் பேசிக்கொண்டிருந்தால் செட்டின் பவர் பகுதிக்கும் கேடு.

மலைக்கு எது நல்லது என்று கேட்டால், என் ஓட்டு வி.எச்.எப்.புக்கு. இலையும் மரமும் யு.எச்.எப். அலையை அதிகமாகத் தின்னும். மேட்டு முகட்டைத் தாண்டி வளைந்து போவதிலும் வி.எச்.எப். ஒரு படி மேல். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குள்ளோ கோவையில் ஒரு மில்லுக்குள்ளோ தளத்துக்குத் தளம் பேச வேண்டுமென்றால் யு.எச்.எப். வாங்கச் சொல்வேன். கான்கிரீட் கட்டடத்தில் ஜன்னலும் கதவும் வழியாக நுழைந்து போக அதுதான் சரி. ஆக, பக்கத்து மில்லில் நன்றாக வேலை செய்கிறது என்பதற்காக அதே செட்டை வாங்கி மலையேற்றும் லாரியில் மாட்டக் கூடாது. எதை மாட்டினாலும் பண்ணாரி அடிவாரத்தில் இருந்து மலைமேல் உள்ள ஆசனூருக்கு நேராகப் பேச முடியும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். நடுவில் மலை நிற்கிறது. உயரத்தில் ஒரு ரிப்பீட்டர் (பேச்சை வாங்கித் திரும்ப அனுப்பும் செட்) வைத்தால்தான் அது நடக்கும்.

இரண்டு பேண்டும் வருகிற சீனா கைச்செட்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். கிடைக்கிறது. அதன் பட்டனை அழுத்தியே யார் வேண்டுமானாலும் எந்த அலைவரிசைக்கும் மாற்றிவிடலாம். தெரியாத்தனமாகப் போலீஸ் அலைவரிசையிலோ வனத்துறை அலைவரிசையிலோ ஒருவர் பேசிவிட்டால் வழக்குதான். வண்டியில் நிரந்தரமாகப் பொருத்தும் 25 வாட், 45 வாட் செட்டுகளைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் புரோகிராம் செய்து கொடுப்பது வழக்கம். டிரைவர் கைக்கு சேனல் குமிழும் வால்யூமும் மைக்கும்தான் வரும். எனக்கு அதுவே நிம்மதி.

இனி ஸ்கேன். ஒரே பேண்டில் எல்லோரும் இருந்தாலும் அதை ஒழுங்காக அமைக்காவிட்டால் பயனில்லை. ஸ்கேன் பட்டியலில் ஒரு சேனலை முன்னுரிமைச் சேனலாக வைக்கலாம். வேறு சேனலில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே செட் நொடிக்கு நொடி அந்தச் சேனலை எட்டிப் பார்த்துவிட்டு வரும். அங்கே யாராவது பேசினால் உடனே தாவிவிடும். எட்டிப் பார்க்கும் அந்தச் சிறு இடைவெளியில் பேச்சு ‘டக், டக்’ என்று வெட்டும். டிரைவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்து எடுத்து வருவார்கள். கோளாறு இல்லை, அது வேலை செய்வதன் அடையாளம். பட்டியலில் கண்ட சேனலையும் சேர்த்தால் செட் ஒரு சுற்று வருவதற்குள் கூப்பிட்டவர் பாதி வாக்கியத்தை முடித்துவிடுவார். மலைக்குப் பொதுச் சேனல், கம்பெனியின் சொந்தச் சேனல், ரிப்பீட்டர் நின்றுபோனால் வண்டிக்கு வண்டி நேராகப் பேச ஒன்று. இதற்கு மேல் வேண்டாம் என்பேன். பேசுகிறவரும் மைக் பட்டனை அழுத்தி ஒரு நொடி பொறுத்துத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

பதில் எந்தச் சேனலில் போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சில செட்டில் கேட்ட சேனலிலேயே பதில் போகும். அதுவும் பேச்சு நின்று சில நொடிகளுக்குள் அழுத்தினால்தான். சிலவற்றில் குமிழ் எந்தச் சேனலில் நிற்கிறதோ அதில் போகும். ‘பாறை விழுந்திருக்கு, வராதீங்க’ என்று ஒருவர் பொதுச் சேனலில் கத்த, ‘எங்கே?’ என்று நீங்கள் கேட்பது உங்கள் கம்பெனிக்கு மட்டும் போய்ச் சேர்ந்தால் என்ன லாபம்? எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

யாரும் பேசாத சின்ன விஷயம் ஒன்று உண்டு. மைக் கொக்கி. பல செட்டில் மைக்கை அதன் கொக்கியில் மாட்டினால்தான் ஸ்கேன் ஓடும். கையில் எடுத்தால் நின்றுவிடும். கொக்கிக்கு எர்த் போக வேண்டும், அதை வைத்துத்தான் மைக் மாட்டியிருக்கிறது என்று செட் புரிந்துகொள்கிறது. அவசரத்தில் பொருத்துகிறவர்கள் பிளாஸ்டிக் டேஷ்போர்டில் கொக்கியை முடுக்கிவிட்டு எர்த் ஒயரை விட்டுவிடுவார்கள். கொக்கியே வேண்டாம் என்று மைக்கை டேஷ்போர்டு மேல் எறிந்து வைக்கும் டிரைவர்களும் இருக்கிறார்கள். அந்த வண்டிகளில் ஸ்கேன் ஓடவே ஓடாது. வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

கரன்ட் விஷயமும் அப்படித்தான். பெரிய லாரி 24 வோல்ட், செட் 12 வோல்ட். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் எடுத்துக் கொடுத்தால் அந்த ஒன்று சீக்கிரம் சாகும். 24-ஐ 12 ஆக்கித் தரும் கன்வெர்ட்டர் மட்டமானதாகப் போட்டால் அதன் இரைச்சலையே பேச்சு என்று எண்ணி ஸ்கேன் ஏதாவது ஒரு சேனலில் நின்றுகொள்ளும். நல்ல கன்வெர்ட்டருக்குக் காசு கொடுக்க உரிமையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள். செட்டுக்குக் கொடுத்த காசு அதனால்தான் வீணாகிறது.

உரிமம் இல்லாமல் இது எதுவும் செல்லாது. தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு அலைவரிசை ஒதுக்கித் தர வேண்டும். செட்டுக்கும் வகை ஒப்புதல் சான்று இருக்க வேண்டும். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், உண்மைதான். ஆனால் அது குறைந்த பவர் கைச்செட்டுகளுக்கு. கல்யாண மண்டபத்துக்கும் தேர்த் திருவிழாவுக்கும் ஆகும், திம்பத்துக்கு ஆகாது. ஆன்லைனில் வாக்கி டாக்கி விற்பவர்கள் அலைவரிசையையும் உரிமத் தேவையையும் சொல்லியாக வேண்டும் என்று 2025-ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. வாங்குகிறவர்களும் அந்த வரியைப் படித்துவிட்டுப் பணம் கட்டட்டும்.

ஈரோடு மாவட்ட நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். வனத்துறை, போலீஸ், நெடுஞ்சாலைத் துறை, அரசுப் போக்குவரத்துக் கழகம், லாரி உரிமையாளர் சங்கங்கள் எல்லோரையும் ஒரு தடவை கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். துறைகள் தங்கள் சொந்தச் சேனலை வெளியாருக்குத் தர மாட்டார்கள், தரவும் கூடாது. மலைப்பாதைக்கென்று ஒரு பொதுச் சேனலுக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். எந்தத் துறையாவது வேறு பேண்டில் இருந்தால், பண்ணாரி, ஆசனூர் சோதனைச் சாவடிகளில் பொதுச் சேனலுக்கு ஒரு செட்டைக் கூடுதலாக வைத்து ஆள் போட்டால் தீர்ந்தது. இதை முடிவு செய்த பிறகு டெண்டர் விடட்டும். டெண்டரில் பேண்ட், முன்னுரிமை ஸ்கேன், 24 வோல்ட் கன்வெர்ட்டர், கொக்கிக்கு எர்த் ஆகிய நான்கையும் எழுதிவிட்டால் என் போன்ற மெக்கானிக்குக்கு வேலை கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓர் ஒயர்லெஸ் மெக்கானிக்,
சத்தியமங்கலம்.