அவளைப் படுத்திருக்க விட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்காமார், அண்ணாச்சிமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

என் மனைவிக்கு இதய ஆபரேஷன் நடந்து வருகிற வியாழக்கிழமையோடு மூன்று மாதம் முடிகிறது. போன வாரம் மதுரைக்குப் போய் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்துப் பார்த்தோம். வால்வு நன்றாக வேலை செய்கிறது, நெஞ்செலும்பும் கூடிவிட்டது, இனி மெல்ல மெல்ல வீட்டு வேலை பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் கோவில்பட்டிக்குத் திரும்பி வரும்போது, சாத்தூர் தாண்டியதும், ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பி, "எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்லணும், நீங்க எழுதுங்க" என்றாள். நேரில் சொல்ல வந்தால் "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

தூரத்தில் இருக்கும் சொந்தங்களுக்கு முழு விவரம் தெரியாது என்பதால் முன்கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வருடமாகவே அவளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், ராத்திரி நேராகப் படுத்தால் இருமல் வரும். ஓரிடத்தில் காட்டினோம். வீசிங் என்று சொல்லி ஒரு வருடம் அதற்கே மருந்து கொடுத்தார்கள். நெஞ்சில் குழாய் வைத்துப் பொறுமையாகக் கேட்டிருந்தாலே சந்தேகம் வந்திருக்கும் என்று பிறகு தெரிந்தபோது எனக்கு ஆறவே இல்லை. மதுரையில் எக்கோ எடுத்ததும், இதயத்துக்குள் ரத்தம் போகத் திறந்து மூடும் மைட்ரல் வால்வு சுருங்கிப்போயிருப்பது தெரிந்தது. "சின்ன வயசுல காய்ச்சல் வந்து மூட்டு வீங்கியிருக்கா?" என்று டாக்டர் கேட்டார். என் மாமியார் உடனே ஆமாம் என்றார். ஒன்பது வயதில் தொண்டைப் புண், அப்புறம் காய்ச்சல், முழங்காலும் கணுக்காலும் மாறி மாறி வீக்கம். அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். அந்த வயதில் வந்துபோனது, 38 வயதில் வந்து வால்வில் நிற்கிறது. பிள்ளைகளுக்குத் தொண்டை வலி வந்து, சில வாரத்தில் மூட்டு வீங்கினால் தயவுசெய்து எண்ணெய் தேய்த்துவிட்டு இருந்துவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். இதை எழுதச் சொன்னதும் அவள்தான்.

பணம் என்று யோசித்தபோது கை கால் ஓடவில்லை. எங்கள் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் பகுதியில் இருக்கும் அண்ணன்தான், "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வச்சிருக்கியா தம்பி?" என்று முதலில் கேட்டவர். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அண்ணன் தன் வண்டியிலேயே என்னை வி.ஏ.ஓ. ஆபீசுக்குக் கூட்டிப்போய், வருமானச் சான்று கைக்கு வரும் வரை கூடவே நின்று, அதற்கடுத்து தூத்துக்குடி கலெக்டர் ஆபீசுக்கும் வந்தார். இரண்டு நாள் சம்பளம் போனது அவருக்கு. அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அண்ணே, அந்த அட்டை இல்லையென்றால் இந்தக் கடிதமே இல்லை. முதலாளி ஐயா முன்பணமாகக் கொடுத்ததை மாதம் ஐந்நூறாகப் பிடித்தால் போதும் என்றார்கள். அந்த நன்றி தனி.

அப்புறம் ரத்தம். நான்கு பேர் வந்து கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மதுரையில் எனக்கு யாரைத் தெரியும்? ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகளிடம் ராத்திரி எட்டு மணிக்கு போனில் சொன்னேன். காலை ஏழு மணிக்கு மாட்டுத்தாவணியில் இறங்கி நிற்கிறார்கள், நூறு கிலோமீட்டர் தாண்டி, அன்றைய ஓட்டத்தை விட்டுவிட்டு. அதில் ஒரு தம்பி போன மாதம்தான் ரத்தம் கொடுத்திருக்கிறான், மூன்று மாதம் ஆகாமல் திரும்பக் கொடுக்க முடியாது என்பதால் தன் அண்ணனை எழுப்பி அனுப்பியிருக்கிறான். வந்தவர்களுக்கு நான் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அதையும் அவர்களே பணம் கொடுக்கப் பார்த்தார்கள்.

ஆபரேஷன் நடந்த அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. டாக்டர்களுக்கும், மூன்று நாள் ஐ.சி.யூ.வில் அவளைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர்களுக்கும் கை கூப்புகிறேன். ஒரு கேரளத்து சிஸ்டர், இருமல் வரும்போது தலையணையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுத்தார். அறுத்துக் கம்பியால் கட்டிய எலும்பு, இருமும்போது பிளப்பது போல வலிக்குமாம். அந்தத் தலையணை ஒரு மாதம் வரை அவள் கையை விட்டு இறங்கவே இல்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது. பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கை கொடுத்துத் தூக்கி எழுப்பக் கூடாது, கையை ஊன்றி எழக் கூடாது, ஒருக்களித்துத் திரும்பித்தான் எழ வேண்டும். இரண்டு கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. கொடியில் துணி போடக் கூடாது, மேல் அலமாரியில் எட்டி எடுக்கக் கூடாது, மாவு பிசையக் கூடாது. சொல்லிவிடுவது எளிது. எங்கள் ஊரில் தண்ணீர் நமக்கென்று வைத்திருக்கும் நேரம் உங்களுக்கே தெரியும். சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் ஏறி வந்து, நம் தெருவின் முறை வரும் நாளில், விடியற்காலை நாலரைக்குக் குழாயில் காற்று சீறும். பதினாறு வருடமாக அந்தச் சத்தத்துக்கு எழுந்தவள் அவள். ஒரு நிறைகுடம் 12 கிலோவுக்குக் குறையாது. வீட்டுக்கு வந்த நான்காம் நாள் குழாய் சீறியதும் அவள் கை போர்வைக்கு வெளியே வந்து கட்டில் சட்டத்தைப் பிடித்தது. நான் பதறி எழுவதற்குள் வாசலில் எதிர்வீட்டு அக்காவின் குரல்: "நீ எந்திரிக்காத, உன் குடம் ஒன்பதும் எங்கிட்ட இருக்கு." முந்தின நாள் சாயங்காலமே எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து குடங்களை எடுத்துப் போய் வரிசையில் வைத்திருக்கிறார். எங்கள் ஒன்பதும் நிரம்பிய பிறகுதான் அவருடைய முதல் குடம். மூன்று மாதமாக ஒரு முறைகூடத் தவறவில்லை. அக்கா, அவளைக் கட்டிலில் திரும்பப் படுக்க வைத்தது உங்கள் குரல்தான். நான் சொன்னால் கேட்டிருக்க மாட்டாள்.

மதினி எட்டயபுரத்திலிருந்து வந்து நாற்பது நாள் இருந்தார்கள். தன் வீட்டையும், மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மச்சானையும் விட்டுவிட்டு. இன்னொருத்தி தன் அடுப்படியில் நிற்பதைப் படுத்துக்கொண்டு பார்ப்பது அவளுக்கு வலியைவிடக் கஷ்டமாக இருந்தது. அது மதினிக்கு எப்படித்தான் புரிந்ததோ. குழம்பு கொதிக்கும்போது ஒரு கரண்டி எடுத்து ஊதி ஆற்றி, கட்டிலுக்கே கொண்டுவந்து, "உப்பு பாத்துச் சொல்லு" என்பார்கள். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்ததால் இருவருக்குமே பதில் தெரியும். இருந்தாலும் அவள் நாக்கில் வைத்துப் பார்த்து, ஒரு நிமிடம் யோசித்து, "சரியா இருக்கு மதினி" என்பாள். அந்தச் சமையல் அவளுடையதாக ஆகிவிடும். பயறு முளைகட்டுவதா, தோசைக்கு எத்தனை உழக்கு போடுவதா, எல்லாவற்றையும் அவளைக் கேட்டே செய்தார்கள். வேலையை எடுத்துக்கொண்டு வீட்டை அவளிடமே விட்டுவைத்தீர்கள் மதினி. இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னால் நான் அழுதுவிடுவேன்.

சின்னவன் நான்காம் வகுப்பு. காலையில் அவனுக்கு என்ன கொடுத்து அனுப்புவது என்ற கவலையே இல்லாமல் போனது, பள்ளிக்கூடத்தில் காலை உணவுத் திட்டம் இருந்ததால். அங்கே சமைக்கும் அக்காமார் அவன் அம்மாவுக்கு உடம்பு முடியாததைத் தெரிந்துகொண்டு, "வயிறு நிறைஞ்சுதா, இன்னும் கொஞ்சம் வைக்கவா" என்று தினமும் கேட்பார்களாம். புதன்கிழமைப் பொங்கலைப் பற்றி வீட்டுக்கு வந்தும் பேசுவான். பெரியவள் பத்தாம் வகுப்பு. விடியற்காலையில் படித்துவிட்டு அம்மாவுக்குத் தலை சீவிவிட்டுத்தான் கிளம்புவாள், கையைத் தூக்கிப் பின்னலிட அவளால் முடியாதென்பதால். முதல் வாரம் சிக்கெடுக்கத் தெரியாமல் இழுத்தவள், இப்போது அம்மாவுக்குப் பிடித்த மாதிரி வகிடு எடுக்கிறாள். மகளே, உனக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

சுருங்கிய வால்வுக்குப் பதிலாக ஆபரேஷனில் வைத்தது உலோக வால்வு. அதில் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட வேண்டும், ஐ.என்.ஆர். என்று ஒரு ரத்தப் பரிசோதனை அடிக்கடி பார்க்க வேண்டும். அவளுக்கு அது 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். பின்வீட்டுப் பெரியம்மா, ரத்தம் ஊறட்டும் என்று தினமும் முருங்கைக் கீரை சூப் வைத்துக் கொண்டுவந்தார்கள். அடுத்த பரிசோதனையில் 1.7. கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும், ஆனால் கீரையை அறவே விடவும் வேண்டாம், அளவு மாறாமல் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். இதைப் பெரியம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். அவர்கள் கேட்டுவிட்டு வீட்டுக்குள் போய் ஒரு சின்ன வெண்கலக் கிண்ணத்தோடு வந்தார்கள். "இது அளவுதானே? செவ்வாயும் வெள்ளியும் இதுல தர்றேன்." அன்றிலிருந்து இன்றுவரை அதே கிண்ணம், அதே அளவு.

பஜாரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் தம்பிக்கும் ஒரு வார்த்தை. ஒரு நாள் அவளுக்குப் பல்வலி. நான் அவசரத்தில் வந்து, வழக்கமாக வாங்கும் வலி மாத்திரையைக் கேட்டேன். "மதினிக்கா? அவங்க ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்கல்ல, இது ஆகாது, ரத்தக் கசிவு வந்துரும்" என்று எடுத்த அட்டையைத் திரும்ப வைத்துவிட்டு, மதுரை டாக்டருக்கு என்னைப் போன் போட வைத்து, அவர் சொன்ன பாராசிட்டமாலை மட்டும் கொடுத்தாய். கடையில் பத்துப் பேர் நின்ற நேரம் அது. பல்லைப் பிடுங்குவதென்றாலும் முதலில் இதய டாக்டரைக் கேட்க வேண்டும் என்பதும் உன்னால்தான் தெரிந்தது.

அவள் தைத்துக்கொண்டிருந்த பிளவுஸ்கள் பதினேழு அப்படியே கிடந்தன, பாதி வெட்டியும் பாதி தைத்தும். பக்கத்துத் தெருவில் தைக்கும் அக்கா வந்து பையோடு எடுத்துப் போனார்கள். தொழிலில் போட்டி என்று ஊர் சொல்லும். எல்லாவற்றையும் முடித்து, கூலியை ஒரு கவரில் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். நூலுக்குக் கூடக் கழிக்கவில்லை. தீபாவளிக்கு வந்த துணிகளையும் அவரே வாங்கிக்கொண்டு, "அடுத்த மாசம் மெஷின் மிதிக்க விட்டா வா, ஊக்கு வைக்கிற வேலை உனக்குத்தான்" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்கு அவள் முகம் எப்படி மலர்ந்தது என்பதை நான் பார்த்தேன் அக்கா.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. காற்றாடி நின்றதும் அறையில் டிக், டிக் என்று ஒரு சத்தம். கடிகாரமோ என்று பார்த்தேன், அது கூடத்தில் இருக்கிறது. அவள் நெஞ்சிலிருந்துதான் வந்தது. உலோக வால்வு மூடும் சத்தம் அப்படிக் கேட்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள், ஆனால் வார்டு இரைச்சலில் கேட்டதில்லை. அவளும் விழித்துத்தான் இருந்தாள். சின்னவன் எழுந்து வந்து அவள் நெஞ்சுக்குப் பக்கத்தில், படாமல், காதை வைத்துக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனான். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. கரண்ட் வர ஒரு மணி நேரம் ஆனது. வராமல் இருந்தாலும் பரவாயில்லை என்று அன்றைக்கு இருந்தது.

மளிகைக்கடை அண்ணாச்சி, பால்காரத் தம்பி, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகும் லேப் தங்கை, ஒருவருக்கு மேல் ஒருவராகக் கூட்டம் சேராமல் இரண்டிரண்டு பேராக வந்து பார்த்துவிட்டுப் போன தெருப் பெண்கள், எல்லோரையும் தனித்தனியே எழுத எனக்கு ஆசைதான்.

கடைசியாக ஒன்று. சாப்பாடு கொடுத்தனுப்பிய பாத்திரங்கள் எங்கள் வீட்டில் பதினொன்று இருக்கின்றன. பத்தில் பெயர் வெட்டியிருக்கிறது, யாருடையது என்று தெரியும். ஒரு மூன்றடுக்குத் தூக்கு மட்டும், எவர்சில்வர், பிடி கொஞ்சம் நெளிந்தது, பெயர் இல்லாமல் நிற்கிறது. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் இட்லியும் உப்புக் குறைத்த தேங்காய்த் துவையலும் வந்ததாக மகள் சொல்கிறாள். யார் வீட்டுத் தூக்கு என்று சொல்லி அனுப்புங்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்று அவள் பிடிவாதமாக இருக்கிறாள், ஐப்பசி பிறந்ததும் முதலில் செய்யப்போகிற அதிரசம் அதற்குத்தானாம்.