பையைக் கொட்டச் சொல்லாதே

அன்புள்ள கண்மணிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை. போன ஞாயிறு நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். டூருக்கு வசூலித்த பணத்தில் 500 ரூபாய் காணோம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோர் பையையும் கொட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாய். போனில் எனக்கு அது சொல்ல வராது, கண்ணு.

31 வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். அதில் 11 வருஷம் நாட்டு நலப்பணித் திட்டமும் என் பொறுப்பு. காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கிய திட்டம் அது. கோனார்க் தேர்ச்சக்கரம் போட்ட பேட்ஜைக் குத்திக்கொண்டு பிள்ளைகள் ஏழு நாள் முகாமுக்கு வருவார்கள். நீதி போதனை பீரியடில் நான் பாதி நாள் விட்டுப்போன கணக்கைத்தான் போட்டேன், அதை ஒத்துக்கொள்கிறேன். முகாமில் அப்படி ஒப்பேற்ற முடியாது. ஒரே அண்டாச் சோறு, ஒரே கிணறு, யார் எப்படி என்று மூன்றாம் நாளே தெரிந்துவிடும். நான் எப்படி என்பதும்தான்.

ஒரு வருஷம் ஏரிக்கரையில் சீமைக்கருவேலம் வெட்டப் போயிருந்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம் கணக்குப் பார்த்தால் 200 ரூபாய் குறைகிறது. ஸ்டாஃப் ரூமில் ஏற்கெனவே பெயர் கெட்டிருந்த பையன் ஒருவன் இருந்தான். எல்லோர் முன்னாலும் அவன் பையைத் திறக்கச் சொன்னேன். இரண்டு லுங்கி, ஓரம் உடைந்த சோப்பு டப்பா, தினத்தாளில் பத்திரமாகச் சுற்றிய பேட்ஜ். அவ்வளவுதான். ஒன்றும் பேசாமல் திரும்ப மடித்து வைத்தான்.

ராத்திரி என் கண்ணாடிக் கூட்டில், மளிகை ரசீதோடு மடிந்து கிடந்தது பணம்.

அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பையைத் திறந்தது எல்லோர் முன்னாலும் அல்லவா? காலையில் வரிசையில் நின்றபோது சொன்னேன்: "பணம் என்கிட்டயே இருந்தது. தப்பு என்னுது." யாரும் மூச்சு விடவில்லை. அன்றைக்குச் சந்தைக்குப் போகப் பணப்பையை அவனிடமே நீட்டினேன். "வேற யாரையாவது அனுப்புங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டான். அவன் என்னை மன்னித்தானா என்று இன்றுவரை தெரியாது.

மத்தியானம் இரண்டு பெண்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். "டீச்சர், அண்டா மூடியக் கிணத்துல போட்டது நாங்கதான்." இரண்டு நாளாக அந்த மூடியை ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தோம்!

அதனால் பையெல்லாம் கொட்ட வேண்டாம். "கிடைத்தவர்கள் என் மேசை டிராயரில் போட்டுவிடுங்கள்" என்று ஒரே ஒரு தடவை சொல். சாப்பாட்டு நேரத்தில் வகுப்பைப் பூட்டாதே, எட்டியும் பார்க்காதே. நாலு நாள் போகட்டும். வராவிட்டால் 500 ரூபாய் நான் அனுப்புகிறேன், கட்டிவிடு.

அப்புறம், முதலில் உன் ஹேண்ட்பேக்கை நன்றாகப் பார்த்தாயா?

அன்புடன்,
அம்மா