பண்டிகைக்கு முன் ஒரு போன், பண்டிகைக்குப் பின் பாதிப் பெட்டி

சேவைச் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளே, வணக்கம்.

ஆண்டிறுதி விடுமுறை நெருங்கிவிட்டால் ரோட்டரி, அரிமா, கிவானிஸ் என்று எந்தப் பெயரில் இயங்கும் சங்கமும் சும்மா இருப்பதில்லை. உணவுப் பெட்டி, பொம்மை, போர்வை, ரத்ததான முகாம் என்று ஒரே நேரத்தில் எல்லாம் நடக்கிறது. நீங்கள் கொடுப்பதை வாங்கிப் பிரித்து வீடுகளில் சேர்க்கிறவர்கள் நாங்கள். நீங்கள் இல்லாவிட்டால் எங்கள் அலமாரிகள் காலி. அந்த உரிமையில் கேட்கிறோம்: இந்த ஆண்டு திரட்டுவதில் பாதியைப் பண்டிகைக்குமுன் கொடுங்கள். மறுபாதியை ஜனவரி, பிப்ரவரிக்கு எடுத்து வையுங்கள்.

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஒரே வீட்டுக்கு மூன்று சங்கங்களின் பெட்டி போகிறது. ஜனவரி இரண்டாம் வாரத்தில் அதே வீட்டுக்கு ஒன்றும் போவதில்லை. தேவை கூடுவதோ அப்போதுதான். பண்டிகைக்காகக் கடைகளிலும் கிடங்குகளிலும் தற்காலிகமாக எடுத்த ஆட்களை அந்தச் சமயத்தில்தான் நிறுத்துகிறார்கள். பண்டிகைக்கு வாங்கிய கடனின் முதல் தவணையும் அந்த மாதம்தான் வருகிறது. கொடுக்கிறவர்களின் மனம் டிசம்பரில் இளகுகிறது என்பது உண்மை, அதைக் குறை சொல்லவில்லை. திரட்டுவது டிசம்பரிலேயே நடக்கட்டும். வெளியே போகும் தேதியை மட்டும் இரண்டாகப் பிரியுங்கள்.

ஒரே நாளோடு நிற்காத வேலை உங்களுக்குப் புதிதல்ல. 1925இல் ஒஹாயோவின் சீடார் பாயின்டில் நடந்த அரிமா மாநாட்டில் பார்வையும் செவித்திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் பார்வையற்றோருக்காக உதவி கேட்டார். அந்த ஒரு வேண்டுகோளை அரிமா சங்கங்கள் இன்றும் சுமக்கின்றன. போலியோவை ஒழிக்க ரோட்டரி 1985இல் தொடங்கிய போலியோபிளஸ் திட்டம் இன்னும் ஓடுகிறது. அந்தப் பொறுமையில் ஆறு வாரத்தை இங்கே தாருங்கள்.

ஆண்டுதோறும் அதே தவறுகள் திரும்ப வருவதற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு. ரோட்டரியிலும் அரிமா சங்கத்திலும் நிர்வாக ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. புதிய தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து மாதம் முடிந்ததுமே டிசம்பர் வந்துவிடுகிறது. போன தடவை எது மிஞ்சியது, எது போதவில்லை என்று அறிந்தவர் பொறுப்பில் இருப்பதில்லை. இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பொருள், வந்த எண்ணிக்கை, போன எண்ணிக்கை, மிஞ்சியதற்கான காரணம் என்று நான்கு பத்தி. விநியோகம் முடிந்த ஒரு வாரத்துக்குள் எங்களோடு அரைமணி நேரம் உட்கார்ந்து எழுதிவிடுங்கள். பதவியேற்பு நாளில் சாவியோடு அந்த நோட்டும் கைமாறட்டும்.

எதையும் வாங்குவதற்குமுன் எங்களுக்கு ஒரு போன் செய்யுங்கள். எத்தனை குடும்பம், பிள்ளைகளுக்கு என்ன வயது, எத்தனை வீட்டில் அடுப்போ குளிர்சாதனப் பெட்டியோ இல்லை, யாருக்கு எது ஒவ்வாது, கிடங்கில் இடம் எவ்வளவு, இறக்கி வைக்க எந்த நேரத்தில் ஆள் இருப்பார்கள் என்று கேளுங்கள். அடுப்பில்லாத அறையில் தங்கியிருப்பவருக்கு ஐந்து கிலோ தானியம் சுமைதான். அவருக்கு வேண்டியது இழுத்துத் திறக்கும் மூடியுள்ள டின். மூடியையும் சேர்த்துச் சொல்கிறோம், ஏனென்றால் டின் வாங்குகிறவர்கள் திறப்பானை மறந்துவிடுகிறார்கள்.

இனி பெட்டி. எங்கள் நேரத்தை அதிகம் தின்பது இதுதான்.

ஒரு பெட்டி 10 முதல் 12 கிலோவுக்குள் இருக்கட்டும். 20 கிலோ அடைத்தால் தூக்குகிறவருக்கு இடுப்பு பிடிக்கும், அடுக்கில் கீழே இருக்கும் அட்டைப் பெட்டி நசுங்கும். பெட்டியின் அடிப்பக்கத்தில் நடு இணைப்பின்மேல் ஒரு டேப் ஒட்டி நிறுத்திவிடாமல் இரண்டு ஓரங்களிலும் குறுக்கே ஒட்டுங்கள். டின்னும் பாட்டிலும் அடியில், பொட்டலங்கள் மேலே. சோப்பு, சலவைத்தூள், பினாயில் எதையும் உணவோடு ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம். பொட்டலம் கிழியவே தேவையில்லை. மாவும் எண்ணெய்ப் பசையுள்ள பண்டங்களும் வாசனையை இழுத்துக்கொள்ளும். மூன்று நாள் கழித்துப் பெட்டியைத் திறந்ததும் சோப்பு மணம் அடித்தால், உள்ளே இருக்கும் மாவு போனது போனதுதான். எத்தனை முறை சலித்தாலும் அந்த மணம் விடாது.

விவரத்தைப் பெட்டியின் மேல் மூடியில் எழுதாதீர்கள், அடுக்கினால் தெரியாது. அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் தடித்த மார்க்கரால் பெட்டி எண், உள்ளே என்ன, கட்டிய நாள், உள்ளே இருப்பவற்றில் எது முதலில் காலாவதியாகிறதோ அந்தத் தேதி ஆகிய நான்கையும் எழுதுங்கள். ஜனவரிக்கு வைக்கும் பாதிக்கு இந்தக் கடைசி விவரம்தான் உயிர். அது இல்லாவிட்டால் எடுத்து வைத்த எல்லாப் பெட்டியையும் மறுபடி பிரிக்க வேண்டும். மூட்டையாக வாங்கி, பெயரில்லாத பாலிதீன் பைகளில் பிரித்துக் கட்டிக் கொடுப்பதும் வேண்டாம். எதில் செய்தது, எதுவரை நல்லது என்று தெரியாத பொட்டலத்தை ஒவ்வாமை உள்ள குழந்தை இருக்கும் வீட்டுக்கு எங்களால் அனுப்ப முடியாது.

டின்னைக் கையில் எடுத்து மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் சுற்றி விரலை ஓட்டுங்கள். உடம்பில் லேசான நசுங்கல் இருந்தால் பரவாயில்லை. விளிம்பின் மடிப்பிலோ பக்கவாட்டு இணைப்பிலோ கூர்மையாக மடங்கியிருந்தால் காற்று புகுந்திருக்கலாம், ஒதுக்கிவிடுங்கள். மூடி உப்பியிருந்தாலும், அழுத்தினால் டக்கென்று உள்ளே போய் வெளியே வந்தாலும், கசிந்த தடம் தெரிந்தாலும் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டாம். பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி காற்றில்லாத இடத்தில்தான் வளரும், அந்த நஞ்சு இருப்பதை மூக்கு காட்டிக்கொடுக்காது.

சமைத்த உணவு கொடுக்கும் சங்கங்களுக்கு ஒரு தெர்மாமீட்டர் அவசியம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எளிது: சூடானது 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ், அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தவறு பெரும்பாலும் கட்டும் இடத்தில் நடக்கிறது. சூடாகவே பொட்டலம் கட்டி, நூறு பொட்டலத்தை ஒரே அட்டைப் பெட்டியில் நெருக்கி அடுக்கினால், நடுவில் இருப்பது கெடும் அளவுக்கு வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் கிடக்கும். சோற்றில் வளரும் ஒரு வகை பாக்டீரியாவின் நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் அழியாது. அதனால் சமையல் நேரத்தை விநியோக நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். விருந்தினர் பேச்சு நீண்டுவிட்டது என்பது அந்த பாக்டீரியாவுக்குத் தெரியாது.

பொம்மையில் இரண்டு சோதனை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு என்றால், தொண்டையில் அடைக்கும் சிறு பாகம் எதுவும் அதில் இருக்கக்கூடாது. ஆய்வகத்தில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையில் போட்டுப் பார்க்கிறார்கள். கழிப்பறைக் காகிதச் சுருளின் உள்குழாய் அதைவிடச் சற்றுப் பெரிது. அதற்குள் நுழையும் பாகம் உள்ள பொம்மையை ஒதுக்கிவிட்டால் பிழை பாதுகாப்பான பக்கத்திலேயே இருக்கும். அடுத்தது பட்டன் பேட்டரி. அதன் மூடியில் திருகாணி இல்லாவிட்டால் வாங்காதீர்கள். விழுங்கிய பட்டன் பேட்டரி 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும்.

வயது விஷயத்திலும் ஒரு குறை. சின்னப் பிள்ளைகளுக்கு மலைபோல் குவிகிறது, 13 முதல் 17 வயதினருக்கு ஒன்றும் இருப்பதில்லை. இயர்போன், முதுகுப்பை, பந்து, கணக்குப் பார்க்கும் கால்குலேட்டர் என்று வாங்குங்கள். பரிசுத் தாளில் சுற்றாமல் கொடுங்கள், தாளும் டேப்பும் தனியாகத் தாருங்கள். அம்மாவோ அப்பாவோ தேர்ந்தெடுத்து, தாங்களே சுற்றி, தங்கள் கையால் பிள்ளைக்குக் கொடுக்கட்டும். மேடையில் பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம் என்று கெஞ்சியே கேட்கிறோம். அந்தப் பிள்ளை மறுநாள் வகுப்புத் தோழர்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அடுக்கிய பெட்டிகளையும் உழைத்த கைகளையும் எடுத்துப் போடுங்கள், அதுவே நல்ல படம்.

உடுப்பில் துவைத்தது, அளவு எழுதியது மட்டும் போதும். காலுறையும் உள்ளாடையும் புதிதாக.

ரத்ததான முகாமின் தேதியை ரத்த வங்கி சொல்லட்டும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில் அசைத்துக்கொண்டே வைத்தாலும் வழக்கமாக 5 நாள்தான் தாங்கும். சிவப்பணுக்கள், சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து, 35 முதல் 42 நாள். விடுமுறைக்குமுன் ஒரே நாளில் நூறு பேர் கொடுத்துவிட்டால், அந்தத் தட்டணுக்கள் விடுமுறை முடிவதற்குள் காலாவதி. அந்த நூறு பேரும் மறுபடி கொடுக்க, நாட்டுக்கு நாடு மாறினாலும், ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். இருபத்தைந்து இருபத்தைந்து பேராக நான்கு வாரம் அனுப்புங்கள், அதில் ஒரு வாரம் ஜனவரியில் வரட்டும்.

தொண்டர்கள் கணக்கும் அப்படித்தான். விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை நாற்பது பேர் வருகிறார்கள், மேசையோ மூன்று. ஒரு மேசைக்கு நால்வர் போதும்: பிரிப்பவர், தேதி பார்ப்பவர், கட்டுபவர், எழுதுபவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குழு மாறினால் யாரும் சும்மா நிற்க வேண்டாம். மீதிப் பேரின் பெயரை அன்றைக்கே ஜனவரி அட்டவணையில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் கிடைக்க மாட்டார்கள்.

உண்டியல் பணத்தை இருவர் சேர்ந்தே எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு, மறுநாளே வங்கியில் கட்டிவிடுங்கள்.

ஒரே வீட்டுக்கு மூன்று பெட்டி போகாமல் இருக்க, சங்கங்களுக்குள் ஒரு பொதுப் பட்டியல் வேண்டும். அதில் பெயரும் முகவரியும் வேண்டாம். குடும்பத்துக்கு ஓர் எண், ஆட்கள் எத்தனை, வயது, எந்த வாரம் யார் கொடுக்கிறார்கள், இவ்வளவுதான். பெயர்ப் பட்டியல் எங்களிடம் பூட்டில் இருக்கும்.

அக்டோபர் கடைசிக்குள் உங்கள் சங்கத்தின் சார்பில் பேசப்போகிற ஒருவரின் பெயரை மட்டும் அனுப்பி வையுங்கள். நவம்பர் முதல் வாரத்தில் தேவைப் பட்டியல் அவர் கைக்கு வரும். டிசம்பருக்கு ஒரு தாள், பிப்ரவரி வரைக்கும் இன்னொரு தாள்.

இப்படிக்கு,
உங்கள் பெட்டிகளை வாங்கி, பிரித்து, வீடு சேர்க்கிறவர்கள்