வம்சாவளி எழுதுவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு,

பேரப்பிள்ளைகளுக்காக வம்சாவளி எழுதுவோர், ஒவ்வொரு பெயருடனும் தகப்பன் பெயரைச் சேர்த்தே எழுத வேண்டும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், ஒரு தலைமுறை விட்டு அதே பெயர் திரும்ப வரும், இருவர் ஒருவராகிவிடுவர். பழைய கிரயப் பத்திரங்களில் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்றிருக்கும். அதை அப்படியே படியெடுங்கள்.

தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். ஜாதகத்தில் ‘பிரபவ வருஷம்’ என்று மட்டும் இருந்தால் 1867, 1927, 1987 மூன்றுமே பொருந்தும். உடன்பிறந்தோர் வயதை ஒப்பிட்டே முடிவுசெய்யலாம். வருஷம் சித்திரையில் தொடங்குவதால், மார்கழிப் பின்பாதி முதல் பங்குனி வரை பிறந்தவர்களுக்கு அந்த ஆங்கில ஆண்டோடு ஓராண்டு கூட்டுங்கள்.

பழைய பத்திரங்களில் பெண்களின் பெயர் குறைவு. இது பெரிய இழப்பு. கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டுகளைப் பாருங்கள். வயதான அத்தைகளிடம் அந்தப் பெண்களின் பெயரை, பிறந்த ஊரோடு இப்போதே கேட்டு எழுதுங்கள்.

- வாசகர், திருநெல்வேலி